மந்தி கற்பித்த நற்றிணை

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் எனக்களித்த தலைப்பு 'இயற்கையும் இலக்கியமும்' என்பதாகும். பிற்பகல் உணவுக்குப் பின்னர், மின்விசிறிக்கு அடியில் அமர்ந்திருக்கும் அவையில் இத்தலைப்பில் ஒருவர் பேசத் தொடங்கினால் அவை எந்நிலையை எய்தும் என்பதைப் பதினெட்டு ஆண்டு வகுப்பறைப் பட்டறிவால் நான் அறிவேன். ஆதலால் தலைப்பைச் சற்றே நெகிழ்த்திக்கொள்ள இசைவு வேண்டுகிறேன். மாணாக்கரோடும் உங்களுள் சிலரோடும் மலையிலும் ஆற்றிலும் ஏரிக்கரையிலும் நடந்தபோது, அங்கு வாழும் உயிர்கள் எங்களை என்ன பாடுபடுத்தின என்பதையே சொல்லப்போகிறேன்.

தமிழாசிரியை ஆகையால் தொல்காப்பியத்தைத் தொடாமல் தொடங்குதல் இயலாது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையைத்தான் தொல்காப்பியர் முதலில் வைக்கிறார். அழுகையும் அச்சமும் பெருமிதமும் அதன்பின் வருவன. நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் கூறுகிறார். உரையாசிரியருள் பேராசிரியர் இங்கே ஒரு நுட்பம் காட்டுவார். எள்ளல் இருவகைப்படும் என்பார் அவர். தான் பிறரை எள்ளி நகைப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது அதற்குத் தானே நகைப்பது மற்றொன்று. முதல் வகைக்கு நம் இலக்கியத்தில் பஞ்சமில்லை. குரங்கு, கழுதை, எருமை, ஆந்தை ஆகிய பெயர்களை நாம் வசைக்குப் பயன்படுத்துவதுபோல் அன்புக்குப் பயன்படுத்துவதில்லை. ஆனால் ஊரைவிட்டு வெளியே நாலு கல் தொலைவு நடந்து பாருங்கள், எள்ளலின் திசை மாறிவிடும். எள்ளுவது குரங்காகவும் எள்ளப்படுவது நாமாகவும் ஆகிவிடுவோம். பேராசிரியர் மக்களை மனத்திற்கொண்டே உரைத்திருப்பார் என்று எண்ணுகிறேன். எனினும் அவருடைய இரண்டாம் வகைக்குக் காட்டில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் வீட்டில் கிடைப்பதில்லை.

இந்த இரண்டாம் வகை நகையைத் தம் எழுத்தில் இயல்பாக ஆண்டவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1950 முதல் 1996இல் அவர் மறையும் வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இடைவிடாது காட்டுயிர்க் கட்டுரைகள் எழுதினார். தமிழிலும் எழுதினார். அத்தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தளித்திருக்கிறார். தாமே பகுதிகளைக் கோத்து உருவாக்கிய பெரிய நிழற்படக் கருவி ஒன்றைச் சுமந்துகொண்டு காடு காடாக அலைந்தார். அதன் எடையைத் தாமே கேலி செய்யும் வகையில் அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் இட்டிருந்தார். யானையைப் பற்றி எழுதுமிடத்தும் அணிலைப் பற்றி எழுதுமிடத்தும் அவர் அந்த உயிரைவிட ஒரு படி தாழவே நின்று எழுதுவார். நின்ற இடம் தாழ்வாக இருந்ததனாலோ என்னவோ, அவருக்கு எல்லாம் தெரிந்தது.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். சங்கராபரணி செஞ்சி மலைப்பகுதியில் தோன்றுகிறது. செஞ்சியாறு என்றும் வராகநதி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. வீடூர் அணையைக் கடந்து, திருவக்கரையை ஒட்டி வந்து, மணலிப்பட்டில் புதுவை எல்லைக்குள் நுழைந்து, செல்லிப்பட்டு வழியே வில்லியனூரை அடைந்து, பின்னர்க் கடல் சேர்கிறது. அதன் நீரில் ஒரு பங்கு சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்குப் போகிறது. நான் சொல்லப்போகும் நடைகள் அனைத்தும் இந்த ஓர் ஆற்றைச் சார்ந்தவையே. இமயத்துக்கும் நீலமலைக்கும் போய்வந்த அன்பர்கள் அவையில் இருக்கிறீர்கள். எங்களுக்கு வாய்த்தது நகரப் பேருந்து செல்லும் இடம்வரைதான்.

முதலில் செஞ்சி. இராசகிரி உச்சிக்கு இளங்கலைத் தமிழ் மாணாக்கர் முப்பதின்மரை அழைத்துச் சென்றோம். ஐப்பசி மாதம், தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை அது. பின்னர் 1690 தொடங்கி மொகலாயப் படை ஏறத்தாழ 8 ஆண்டுகள் முற்றுகையிட்டே அதனைப் பெற முடிந்தது. 1750 முதல் 1761 வரை நம் பிரெஞ்சுக்காரர் கையிலும் இருந்தது. 2025 சூலையில் மராட்டியர் கால அரண்கள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். இவற்றையெல்லாம் படிக்கட்டில் நின்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் கட்டுச்சோற்றுப் பை களவு போயிற்று. மொகலாயர் 8 ஆண்டு உழைத்துப் பெற்றதை, ஒரு கடுவனும் ஒரு மந்தியும் எட்டு நொடியில் பெற்றன.

பையில் இருந்தவை புளிச்சோற்றுப் பொட்டலங்கள் சில, வறுத்த வேர்க்கடலை, நற்றிணை உரைநூல் ஒன்று. 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு வெளிவந்த பதிப்பின் வழிவந்த மறுபதிப்பு அது. கல்லூரி நூலகத்துக்குச் சொந்தமானது. மந்தி பொட்டலத்தைப் பிரித்தது. கடுவன் நூலைப் பிரித்தது. முகர்ந்தது, ஓர் ஏட்டைக் கடித்துச் சுவைத்தது, சற்று எண்ணிப் பார்த்தது, பின் நூலைப் பாறைமேல் எறிந்துவிட்டுப் புளிச்சோற்றுக்குச் சென்றது. சங்க இலக்கியப் பகுதியைக் குறைத்துப் பயன்பாட்டுத் தமிழைக் கூட்ட வேண்டும் என்று பாடத்திட்டக் கூட்டங்களில் வலியுறுத்துவோர் சிலர் நினைவுக்கு வந்தனர். அவர்களும் ஓர் ஏட்டைச் சுவைத்தபின்பே அம்முடிவுக்கு வந்திருக்கலாம்.

அதன்பின் நிகழ்ந்ததற்காகவே இதனை இங்கு சொல்கிறேன். இரண்டும் எங்களுக்கு எட்டாத ஒரு பாறைமேல் ஏறின. சோற்றை உள்ளங்கை நிறைய எடுத்து, கசக்கி, கன்னம் இரண்டும் புடைக்கப் புடைக்க அடைத்துக்கொண்டன. முதுகு மயிர் மழையில் நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, யாரையும் நோக்காமல் உண்டன. கூட்டத்தில் இருந்த ஒரு மாணவர், "அம்மா, நோன்பியர்!" என்று கத்தினார்.

நற்றிணையின் இருபத்திரண்டாம் பாட்டை அறிந்தவர்கள் இப்போது புன்னகை செய்கிறீர்கள். தினைப்புனத்தில் கதிரைக் கொய்துகொண்ட மந்தி, தன் கடுவனோடு வரையேறி, கையில் கசக்கிக் கவுள் நிறைய அடக்கி, மழையில் நனைந்த முதுகோடு அமர்ந்திருக்கும் காட்சி அது. நோன்பிருந்தவர் ஈரத்தோடு அமர்ந்து உண்ணும் இருக்கைக்கு அதனைப் புலவர் உவமித்தார். திருட்டுச் சோறு தின்னும் குரங்குக்கு விரதம் முடித்தவரின் அடக்கத்தை ஏற்றிச் சொல்லும் குறும்பு எத்தகையது பாருங்கள்! வகுப்பில் இவ்வுவமையைப் பலமுறை விளக்கியிருக்கிறேன், ஒருவரும் சிரித்ததில்லை. இராசகிரிப் பாறையில், வயிறு காய நின்றுகொண்டு, முப்பதின்மரும் சிரித்தார்கள்.

இங்கே ஒரு விலங்கியற் குறிப்பையும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப்புறத்து நாட்டுக் குரங்குக்குக் கன்னத்தின் உட்புறம் பை உண்டு. கிடைத்ததை விரைந்து அடக்கிக்கொண்டு, அச்சமற்ற இடத்துக்குச் சென்று மெல்ல உண்பதற்கு அது உதவுகிறது. நீண்ட வாலும் கரிய முகமும் உடைய முசுவுக்கு அப்பை இல்லை. அது பெரும்பாலும் தழை தின்னும் உயிர். சங்கப் புலவர் கவுளில் அடக்குவதாகப் பாடியது மந்தியையும் கடுவனையும்தான். முசுவைப் பாடும்போது கபிலர் வேறு காட்சி தருகிறார். பாறையில் மயில் இட்ட முட்டையை முசுவின் குட்டி வெயிலில் உருட்டி விளையாடுகிறது குறுந்தொகை 38இல். எந்தக் குரங்கு எதைச் செய்யும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. இரவல் பெற்ற அறிவால் இவ்வாறு பாட முடியாது. சங்கப் புலவருள் ஒருவரேனும் கட்டுச்சோற்றைப் பறிகொடுத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. இதற்குச் சான்று கேட்பவர்கள் செஞ்சிக்குச் செல்லலாம். அக்குரங்குகள் இவ்வளவு துணிவு பெற்றதற்குக் காரணம், வருவோரெல்லாம் வேடிக்கைக்காகத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கியதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடிபட்ட நூலை நூலகத்தில் திருப்பிக் கொடுத்த கதையும் உண்டு. சேதமுற்ற நூலுக்கான படிவத்தில் காரணம் என்ற பகுதியில் 'நீர், தீ, பூச்சி, பிற' என்று நான்கு கட்டங்கள் இருந்தன. 'பிற' என்பதில் குறியிட்டு, 'கடுவன்' என்று எழுதினேன். கடுவன் என்பவர் எத்துறை, எந்த ஆண்டு மாணவர் என்று கேட்டு மறுவாரம் எனக்குக் கடிதம் வந்தது. கடிதப் போக்குவரத்து இன்னும் முற்றுப்பெறவில்லை.

குரங்கைப் பற்றிப் பேசும்போது புதுவையில் பாரதியாரை மறக்கலாகாது. 1908 முதல் 1918 வரை அவர் இங்கு வாழ்ந்தபோது பிறந்தது 'குயில் பாட்டு'. குயில் தன் குரங்குக் காதலனைப் புகழும் பகுதியில், மனிதர் எத்தனை முயன்றாலும் குரங்கின் அழகை எட்ட முடியாது, குறிப்பாக வாலுக்கு அவர்கள் வழியறியார் என்னும் பொருள்பட அது பாடும். தமிழில் மனிதனை விலங்கு எள்ளும் பகுதிகளுள் இதற்கு நிகர் மிகச் சிலவே. நம் கவியரங்குகளில் குயில் பாட்டை வேதாந்தமாக விரித்துரைப்போர் மிகுதி. அதில் வரும் குரங்கைக் கண்டு வாய்விட்டுச் சிரிப்போர் குறைந்துவருகிறார்கள்.

ஆற்றோடு கீழே வந்தால் திருவக்கரை. அங்குள்ள கல்மரங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு அகவை உடையன என்று நிலவியலார் கூறுவர். அவ்வளவு பழமை வாய்ந்த ஒரு மரத்தண்டின்மேல் ஆண் ஓணான் ஒன்று, கழுத்துச் சிவக்க, எங்களைப் பார்த்துத் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. தன் எல்லைக்குள் எவரும் வரலாகாது என்பதே அதன் பொருள். காலத்தின் பேருருவைப் பற்றி நான் உருக்கமாகப் பேச முயன்றேன். மாணாக்கர் தண்டாலை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஊசுட்டேரிக்கு நம் வட்டத்து நண்பர்களே வந்தார்கள். புதுவை அரசு 2008இல் அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் மறுபகுதி தமிழக எல்லைக்குள் அமைந்தது. மார்கழிக் காலையில் நீர்ப்பரப்பு முழுவதும் பறவைகள். நண்பர் ஒருவர் அன்னம் காண வேண்டும் என்றார். பெயர் சொல்லமாட்டேன், முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவருடைய கவிதைத் தொகுப்பில் அன்னம் பதினொரு இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டே சொல்கிறேன். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரை அழைத்து, கருநிறத்தில் நெற்றி மட்டும் வெளுத்து நீந்திய ஒரு கூட்டத்தைக் காட்டி, "ஐயா, அவை அன்னங்களா?" என்று கேட்டார்.

"அது நாமக்கோழிங்க."

"பாலையும் நீரையும் பிரிக்குமா?"

பெரியவர் சற்று எண்ணினார். "பால ஊத்திப் பார்த்ததில்லீங்க. பாசியையும் தண்ணியையும் நல்லாப் பிரிக்கும்."

நண்பர் விடவில்லை. நெற்றியில் இருப்பது வடகலையா தென்கலையா என்று கேட்டார். "தண்ணிக்குள்ள முங்கி எழுந்தா எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் மாட்டின் பின்னே போய்விட்டார். அன்று எங்களுள் கவிதை சொன்னவர் அவர் ஒருவர்தான். அருகில் நீர்மடையோரம் அசையாமல் நின்ற குருட்டுக்கொக்குக்கு மடையான் என்ற பெயரும் அவரிடம் கேட்டறிந்ததே. மடைமையால் வந்த பெயர் என்று ஒருவர் விளக்கம் கூறினார். மடையில் நிற்பதால் மடையான் என்று கொள்வதே பறவைக்கும் நமக்கும் மதிப்பு.

இனிச் செல்லிப்பட்டு. இங்கேதான் நான் சற்று நின்று பேச வேண்டும்.

செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டிய படுகை அணை ஒன்று உண்டு. வைகாசியில் நீர் வற்றிய பின், அணையை அடுத்த மணலும் கூழாங்கல்லும் நிறைந்த படுகையில் காலையில் நடந்தோம். எங்களுடன் வந்தவர்களுள் பேச்சுப்போட்டிக் கோப்பைகளால் தம் வீட்டு அலமாரியை நிரப்பிய மாணவர் ஒருவர் இருந்தார். மறுகோடியில், ஓராண்டாக என் வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருவர் இருந்தார். அவ்வூர்ப் பெண், அவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர். வினா எழுப்பினால் எழுந்து நிற்பார், குனிந்துகொள்வார், அமர்வார். தம் பேச்சில் 'இன்னா' வந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்று பின்னர் அறிந்தேன். தமிழ் இலக்கியம் பயில வந்த இடத்தில் தமிழ் பேச அஞ்சும் மாணாக்கரை நாம் எப்படி உருவாக்குகிறோம் என்பது தனி உரைக்குரியது.

கோப்பை மாணவர் ஒரு மணல்மேட்டின்மீது ஏறி, இரு கைகளையும் விரித்து, இயற்கையின் பேரமைதியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 'அமைதி' என்ற சொல் முடியுமுன் ஆள்காட்டிப் பறவைகள் இரண்டு எழுந்தன. அவற்றின் குரலைக் கேட்டிருப்பீர்கள். நாலு தெருவுக்குக் கேட்கும். வட்டமிட்டன, கத்தின, பின் ஒன்று நேராக அவர் தலையை நோக்கிப் பாய்ந்தது. அவர் குனிந்தார். மற்றொன்று பாய்ந்தது. அவர் ஓடினார். ஒரு செருப்பு மேட்டிலேயே தங்கிவிட்டது. எதிரணியினர் எவரும் இதுவரை அவர் பேச்சை அவ்வாறு மறுத்ததில்லை.

அப்போது ஒரு சிரிப்பொலி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்த மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அம்மா, காலை எடுக்காதீங்க, அப்படியே நில்லுங்க!" என்றார். என் பாதத்திலிருந்து ஒரு சாண் தொலைவில், கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கல் போலவே நான்கு முட்டைகள் இருந்தன. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மணலில் ஒரு சிறு குழி மட்டும். முப்பது பேர் அவ்வழியே பார்த்துக்கொண்டு நின்றோம். பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அதன்பின் அரைமணி நேரம் அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். அதன் பெயர் இவ்வூரில் ஆக்காட்டி. கோடையில் தாய்ப்பறவை வயிற்று இறகை நீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கும். நாய் வந்தால் ஒருவகைக் குரல், ஆள் வந்தால் வேறுவகைக் குரல். இரவில் வானம் இடிந்து விழுந்தால் தாங்குவதற்காகக் காலை மேலே தூக்கிக்கொண்டு படுக்கும் என்பது அவருடைய ஆயா சொன்ன கதை. இதனைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டு, "நான் பார்த்ததில்லம்மா, ஆயாவும் பார்த்ததில்ல" என்றார். அறிந்ததையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லும் இந்நேர்மையை ஆய்வேடுகளில் நான் தேடிக் களைத்ததுண்டு.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆயாவே அங்கு வந்தார். பேத்தி என்னை அறிமுகம் செய்தார்: "ஆயா, இவங்கதான் எங்க டாக்டரம்மா." ஆயா உடனே மணலில் அமர்ந்து, புடைவையைச் சற்று உயர்த்தி முழங்காலைக் காட்டினார். "ரெண்டு வருசமா நோவுதும்மா. மாடிப்படி ஏற முடியல. ஒரு மருந்து சொல்லுங்க."

"ஆயா, நான் அந்த டாக்டர் இல்லை. தமிழ் டாக்டர்" என்றேன்.

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப தமிழுக்கு இன்னா நோவு?"

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் என்னை வினவியவர்கள் மூவர். அவர்களுள் எவரும் இவ்வினாவை எழுப்பவில்லை. நல்லவேளை என்றே சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, குஞ்சு பொரித்ததா என்று காண அம்மாணவியும் நானும் மற்றும் நால்வரும் மீண்டும் சென்றோம். மேடு இல்லை. அது இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளமும் வண்டிச் சக்கரத் தடங்களும் இருந்தன. மணலை யார் அள்ளினார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பறவைகள் இரண்டும் பள்ளத்தின்மேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருந்தன. கோப்பை மாணவரும் வந்திருந்தார். அவர் தலைக்கு மிக அருகே பறந்தன. அவர் ஓடவில்லை, குனியவுமில்லை. திரும்பும் வழியில் எவரும் பேசவில்லை.

ஆக்காட்டியைப் பற்றி நாட்டுப்புறப் பாடல் உண்டு. முட்டையிட்ட இடங்களையும் குஞ்சுகளுக்காகப் பட்ட பாட்டையும் தாய்ப்பறவை சொல்வதாக அமைந்தது. ஈழத்துக் கவிஞர் சண்முகம் சிவலிங்கம் அப்பறவையைக் கொண்டு எழுதிய 'ஆக்காண்டி' நம் வட்டத்தில் பலமுறை படிக்கப்பெற்றதாகும். அதனைக் கேட்டு நாம் உருகியிருக்கிறோம். ஆனால் அப்பறவை எங்கு முட்டையிடும் என்று கேட்டால் நம்முள் எத்தனை பேர் மரத்தைக் காட்டியிருப்போம்?

அடுத்த பருவத்தில் குறுந்தொகை 350ஆம் பாட்டு பாடத்தில் வந்தது. ஆலந்தூர் கிழார் பாடியது. வழியோரம் இருக்கும் நெடிய கால்களையுடைய கணந்துள் பறவை ஆள் இருப்பதைக் குரலால் அறிவித்து, வழிச்செல்வோரைத் திருப்பிவிடும் என்ற செய்தி அதில் உண்டு. ஆறலை கள்வர் மறைந்திருப்பதைப் புதியவர்க்கு உணர்த்திக் காக்கும் பறவை என்று நாம் உரைப்போம். கணந்துள் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆள்காட்டியே அது என்பாரும் உளர். புதுவை அரசுப் பணியில் இருந்துகொண்டே சங்க நூல்களின் பறவைகளையும் செடிகொடிகளையும் ஆராய்ந்து நூல்கள் எழுதிய பி. எல். சாமி அவர்கள் காட்டிய வழியில், பறவையை நேரில் கண்டபின்பே பாட்டுக்குப் பொருள் காண வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாணவி கையை உயர்த்தினார். எழுந்தார், குனியவில்லை.

"அம்மா, அது ஆக்காட்டிதான்னா, வழிப்போக்கனக் காப்பாத்தணும்னு கத்தல. தன் முட்டையக் காப்பாத்தணும்னு கத்துது. அதுக்குக் கள்ளனும் ஒண்ணுதான், வழிப்போக்கனும் ஒண்ணுதான். இவங்களாத்தான் தங்களுக்காகன்னு நெனச்சிக்கிட்டாங்க."

வகுப்பு சிரித்தது. அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டாக வழியிற் செல்லும் நம் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. நான் படித்த உரைகளில் இவ்விளக்கம் இல்லை. பொருள்வயிற் பிரிந்த தலைவனை நினைந்து வருந்தும் பாட்டில், தன் கூட்டைவிட்டு அகலாமல் கத்தும் பறவை வந்து நிற்பதன் பொருத்தத்தையும் அதன்பின்தான் எண்ணத் தொடங்கினேன். இதனை விரித்து அம்மாணவி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இம்மலரிலேயே இடம்பெறுவதாக அமைப்பாளர் உறுதியளித்துள்ளார். அதில் வரும் 'ஆக்காட்டி'யை 'ஆள்காட்டி' என்று திருத்த வேண்டாம் என்று மெய்ப்புத் திருத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆயாவிடம் கேட்டு அவர் தொகுத்துவரும் பறவைப் பெயர்களும் குறிப்பேட்டில் நாற்பதைத் தாண்டிவிட்டன. செம்போத்து, கரிச்சான், தவிட்டுக்குருவி, உண்ணிக்கொக்கு என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அப்பறவையை ஆயா கடைசியாகக் கண்ட இடத்தையும் எழுதி வைத்திருக்கிறார். சில பெயர்களுக்கு எதிரே உள்ள இடங்கள் இப்போது வீட்டுமனைகள்.

பாவலர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் புரட்டாசித் திங்கள் கூட்டத்தை இம்மண்டபத்தில் வைக்காமல் செல்லிப்பட்டுப் படுகையில், மாலை நான்கு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அமைப்பாளரிடம் கூறியிருக்கிறேன். முட்டைக்காலம் முடிந்திருக்கும், ஆற்றில் வெள்ளமும் வந்திராது. ஒலிபெருக்கி கிடையாது. பொன்னாடை கிடையாது. அங்கே குரங்குகள் இல்லை ஆகையால் கட்டுச்சோறு கொண்டுவரலாம். வார் வைத்த செருப்பு அணிந்து வருதல் நலம். கவிதை படிப்போர் தாம் நேரில் கண்ட ஓர் உயிரைப் பற்றி மட்டுமே படிக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. முதல் வரிசை நண்பர் அன்னத்தைக் கொண்டுவருவாராயின், அதனையும் உடன் அழைத்து வர வேண்டும்.

தலைமை ஏற்குமாறு ஆயாவை வேண்டியிருக்கிறேன். முழங்காலுக்கு மருந்து கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இவ்வவையில் மருத்துவம் பயின்ற டாக்டர் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் அன்புகூர்ந்து என்னை வந்து காண வேண்டுகிறேன்.